மாட்டுத் தொட்டிக்குப் போன உயிர்ச்சத்து

நெல் அரைக்கும் ஆலையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கும். ஒரே நெல்தான். அரிசி ஒரு பக்கம் கொட்டுகிறது, தவிடு இன்னொரு பக்கம் கொட்டுகிறது. அரிசி வீட்டுக்குப் போகிறது, தவிடு மாட்டுக்குப் போகிறது. பிறகு அதே வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் வந்தாலோ கைகால் மதமதத்தாலோ மருத்துவர் ‘பி காம்ப்ளக்ஸ்’ எழுதிக் கொடுக்கிறார். அந்த மாத்திரையில் இருக்கும் சத்துகளில் பல, மாட்டுத் தொட்டியில் கரைந்துபோன தவிட்டில் ஏற்கெனவே இருந்தவை. நம் வீட்டு நெல்லிலேயே இருந்த ஒன்றை வெளியே தள்ளிவிட்டு, மருந்துக் கடையில் ஏன் காசு கொடுத்து வாங்குகிறோம்?

இதை ஒட்டியே இன்னொரு கேள்வியும் உண்டு. பட்டினி கிடப்பவருக்குச் சத்துக் குறை வருவது புரிகிறது. மூன்று வேளையும் வயிறாரச் சோறு தின்பவருக்கு அது எப்படி வரும்?

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு தானியத்தையும் ஒரு வைட்டமினையும் மட்டும் எடுத்துக்கொண்டு அதைத் தேடுவோம். வைட்டமினை இனி உயிர்ச்சத்து என்றே சொல்லலாம். தானியம் நெல். உயிர்ச்சத்து தயமின், அதாவது பி1.

வயிறு நிறைந்தவர்களின் நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் ஓடும் அரிசி ஆலைகள் ஆசியாவெங்கும் பரவின. உலக்கையால் குத்திய அரிசியில் தவிடு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலை அரிசி முத்துப்போல வெளுத்து வந்தது, கெடாமல் நெடுநாள் இருந்தது, கப்பலில் ஏற்றித் தூரதேசம் அனுப்ப வசதியாகவும் இருந்தது. அதே காலத்தில் சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பெரிபெரி என்ற நோய் பெருகியது. முதலில் கால் மரக்கும், நடை தள்ளாடும். சிலருக்குத் தசை சூம்பிப் படுக்கையில் விழுவார்கள். சிலருக்கு உடல் நீர்கோத்து வீங்கி, இதயம் பெருத்து நின்றுவிடும். சாப்பாட்டுக்குக் குறைவில்லாத இளைஞர்களே இப்படிச் செத்தார்கள். அதனால் ஏதோ கிருமி என்றுதான் அநேக மருத்துவர்கள் நினைத்தார்கள்.

டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவில், கிறிஸ்டியான் எய்க்மான் அந்தக் கிருமியைத் தேடி ஆய்வுக்கூடத்தில் கோழி வளர்த்தார். கோழிகளுக்குத் திடீரென்று கால் இழுத்துக்கொண்டது. பெரிபெரியைப் போலவே இருந்தது. பிறகு அவை தாமாகவே தேறின. விசாரித்தபோது தீவனத்தில் காரணம் கிடைத்தது. இடையில் சில மாதங்கள் படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், படைக்குரிய சோற்றைக் கோழிக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன.

கோழிக்கு நடந்தது மனிதருக்கும் பொருந்துமா? ஜாவாவின் சிறைகளை மேற்பார்வை செய்துவந்த அடோல்ஃப் வோர்டர்மான் 1896-இல் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் கைதிகளுக்கு ஒருவர் என்ற அளவில்தான் நோய் இருந்தது. தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர்.

எய்க்மான் இதற்குச் சொன்ன விளக்கம் பிசகியது. சோற்றின் மாவில் நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று அவர் கருதினார். அவருக்குப் பின் அங்கே பணிசெய்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-இல் சரியாகச் சொன்னார்: நஞ்சு என்று எதுவும் இல்லை, உடலுக்குத் தேவையான ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது. ஒன்று இருப்பதால் நோய் வரும் என்றே பழகிய காலம் அது. ஒன்று இல்லாததால் நோய் வரும் என்று சிந்திக்கத் தனித் துணிவு வேண்டியிருந்தது. கிரைன்ஸின் பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுப்பு ஏன் புகைகிறது

சோறு உடலுக்குள் சர்க்கரையாக மாறுகிறது. ஒவ்வொரு செல்லும் அந்தச் சர்க்கரையை முதலில் இரண்டாக உடைக்கிறது. உடைந்த துண்டுகள் முழுதாக எரிந்து ஆற்றலாக வேண்டுமானால் ஒரு நொதி வேலை செய்ய வேண்டும். நொதி என்பது உடலின் வேதிவேலைகளை முடுக்கிவிடும் புரதம். இந்த நொதிக்குத் துணையாகத் தயமின் வந்து ஒட்டிக்கொண்டால்தான் அது இயங்கும். தயமின் இல்லையென்றால் உடைந்த துண்டுகள் எரியாமல் தேங்கி லாக்டிக் அமிலமாகின்றன. காற்றோட்டமில்லாத அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே போனால் சமையல் ஆகாது, வீடு புகையால் நிறையும். அதுதான் உடலுக்குள்ளும் நடக்கிறது. ஓயாமல் ஆற்றல் கேட்பவை இதயமும் நரம்பும். ஆகவே அவையே முதலில் தளர்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிட்டது. சோறு கூடக் கூடத் தயமின் தேவையும் கூடுகிறது. குழம்பும் காயும் பருப்பும் வாங்க வழியில்லாமல் வெறும் வெள்ளைச் சோற்றால் வயிற்றை நிரப்புகிறவர், நிரப்ப நிரப்பக் குறையை ஆழப்படுத்திக்கொள்கிறார். கொழுப்பைச் சேர்த்துவைப்பதுபோல் தயமினை உடல் சேர்த்துவைப்பதும் இல்லை. கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே காணும்.

கோலாலம்பூர் மருத்துவமனையில் ஓராண்டு

மலாயாவில் ஒரு வேறுபாடு மருத்துவர்களின் கண்ணில் பட்டது. வெள்ளீயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டார்கள். அவர்களிடையே பெரிபெரி மலிந்திருந்தது. தோட்டங்களில் வேலைசெய்த தமிழர்களிடம் அந்த நோய் அரிது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இதைக் குறித்துவைத்தார். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃப்ளெச்சர் 1905 இறுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் சொல்லவைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பிரிவாக்கினார். மற்றச் சாப்பாடெல்லாம் இரு பிரிவுக்கும் ஒன்றே, அரிசி மட்டும் வேறு. ஓராண்டு முடிந்தபோது பச்சரிசிப் பிரிவில் இருந்த 120 பேரில் 36 பேருக்கு நோய் வந்திருந்தது, 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் 123 பேர். நோய் கண்டவர்கள் இருவர். அவர்களும் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை. தம் சம்மதத்தைச் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் மீது நடந்த சோதனை இது. இன்று எவரும் அனுமதிக்கமாட்டார்கள். அந்தப் பதினெட்டு பேரை மறந்துவிட்டு அதன் முடிவை மட்டும் எடுத்துச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புழுக்கும்போது என்ன ஆகிறது? நெல்லை ஊறப்போடும்போது தவிட்டுப் படலத்திலும் முளைக்கருவிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து மணிக்குள் இறங்குகிறது. அவிக்கும்போது மாவு பசைபோல் இளகி, பிறகு இறுகி, இறங்கிய சத்தைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பின் அரைத்துத் தவிட்டை நீக்கினாலும் சத்தில் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. கழிவாகப் போகவிருந்ததை, அது கழிவாகும் முன்பே அரிசிக்குள் தள்ளிவிடும் வேலை இது. தவிட்டுச் சத்தை மீட்பதற்கு நான் அறிந்த வழிகளில் இதற்கு மேலானது இல்லை. அடுப்பும் அண்டாவும் போதும்.

நூறு கிலோ நெல்லின் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெல்லின் ரகத்தையும் ஆலையையும் பொறுத்து எண்கள் கூடும், குறையும். கீழே வருபவை நடுத்தர அளவுகள்.

நூறு கிலோ நெல்லை நவீன ஆலையில் அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு, நொய்யையும் சேர்த்து 68 கிலோ அரிசி கிடைக்கும். மிச்சம் தூசியும் சேதாரமும்.

நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி சமைக்கும் ஒருவருக்கு 68 கிலோ அரிசி 170 நாள் வரும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான தயமின் சுமார் 1.2 மில்லிகிராம். ஆக, 170 நாளுக்கு அவருக்கு வேண்டியது 204 மில்லிகிராம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டிய பச்சரிசியில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் தயமின்தான் மிஞ்சுகிறது. 68 கிலோவிலும் சேர்த்து 48 மில்லிகிராம்; தேவையில் கால்வாசிகூட இல்லை. தவிட்டில் கிலோவுக்குச் சுமார் 27 மில்லிகிராம் இருக்கிறது. 8 கிலோ தவிட்டில் 216 மில்லிகிராம்.

அதாவது, அந்த அரிசியைச் சாப்பிடும் 170 நாளும் அவருக்குத் தேவையான தயமின், அதே நெல்லிலிருந்து பிரிந்துபோன தவிட்டில் முழுதாக இருக்கிறது. நெல்மணி தனக்குள் வைத்திருந்த மாவையும் அந்த மாவை எரிக்க வேண்டிய துணைப்பொருளையும் ஆலை தனித்தனியே பிரித்து, ஒன்றை மனிதருக்கும் மற்றதை மாட்டுக்கும் அனுப்பிவிட்டது.

அதே நெல்லைப் புழுக்கி அரைத்தால் அரிசியில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு நிற்கும். 68 கிலோவில் 136 மில்லிகிராம். தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது; மிச்சத்தைப் பருப்பும் பயறும் நிலக்கடலையும் பார்த்துக்கொள்ளும்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. தயமின் நீரில் கரைவது. தீட்டிய பச்சரிசியைப் பலமுறை களைந்தால், மிஞ்சியிருந்ததிலும் கால்வாசி முதல் பாதிவரை கழுநீரில் போய்விடும். கஞ்சியை வடித்தால் இன்னும் கொஞ்சம் போகும். கழுநீரும் வடிகஞ்சியும் எங்கே போகின்றன? தவிடு போன அதே தொட்டிக்கு. மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களோ பி வகை உயிர்ச்சத்துகளைத் தாமே உண்டாக்கிக் கொடுத்துவிடுகின்றன. தவிட்டிலிருந்து மாட்டுக்கு வேண்டியது மாவும் புரதமும் எண்ணெயும். இந்த உயிர்ச்சத்தைத் தீவனத்திலிருந்து எதிர்பார்க்காத விலங்குக்குத்தான் அதை மூன்று வழியாகவும் ஊட்டுகிறோம்.

மணிலாவின் கைக்குழந்தைகள்

பெரிபெரியின் மிகக் கொடிய வடிவம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வருவது. தாயின் உடலில் தயமின் குறைந்தால் பாலிலும் குறையும். இரண்டு மூன்று மாதக் குழந்தை பாலைக் கக்கும், மூச்சு இரைக்கும், உடல் நீலம் பாரிக்கும். குரல்வளை நரம்பு தளர்வதால் அழுவதுபோல் முகம் கோணும், சத்தம் வராது. சில மணி நேரத்திலேயே இதயம் நின்றுவிடுவதும் உண்டு. தாய்க்கு வெளியில் தெரியும் நோய் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில், அதிலும் குறிப்பாக மணிலாவில், இந்த நோய் ஏராளமான குழந்தைகளைக் கொண்டுபோயிற்று.

கைக்குழந்தைக்குப் புழுங்கல் அரிசிச் சோறு ஊட்ட முடியாது. ஒரு கிண்ணம் தவிட்டையும் தர முடியாது. அப்போதுதான் தவிட்டிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்க வேண்டிய அவசியம் வந்தது. மணிலாவில் இருந்த அமெரிக்கப் படை மருத்துவர்கள் வெஸ்டன் சேம்பர்லெயினும் எட்வர்ட் வெடரும் அரிசி தீட்டும்போது உதிரும் தூளைச் சாராயத்தில் ஊறவைத்தார்கள். மாவு சாராயத்தில் கரையாது, தயமின் கரையும். வடிகட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்து, அதிகம் சூடேறாமல் சாராயத்தை ஆவியாக்கினார்கள். மேலே மிதந்த எண்ணெயை நீக்கியதும் பழுப்பு நிறப் பாகு மிஞ்சியது. 1912-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, நோய் கண்ட 15 குழந்தைகளுக்கு இந்தப் பாகைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துத் தேற்றியதைச் சொல்கிறது. குழந்தைகள் தாய்ப்பால் குடிப்பதை நிறுத்தவில்லை. வாந்தியும் இரைப்பும் சில நாட்களில் அடங்கின. குரல் திரும்பத்தான் அதிக நாள் ஆயிற்று.

உள்ளூர் மொழியில் தவிட்டுக்கு டிக்கிடிக்கி என்று பெயர். மருந்தும் அதே பெயரில் வழங்கியது. மணிலாவின் அரசு அறிவியல் நிலையம் அதைக் காய்ச்சி விநியோகித்தது. பிலிப்பினோ மருத்துவர் ஹோசே ஆல்பர்ட் போன்றவர்கள் அதைக் குழந்தை மருத்துவத்தின் பகுதியாக்கினார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. எது குணமாக்குகிறது என்று தெரியாமலே, பன்றிக்குப் போடும் தூளிலிருந்து காய்ச்சிய பாகு குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பொருளைத் தேடும் வேலையை வெடர் ஒப்படைத்தது ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இளம் வேதியியலரிடம். கிறித்தவ மதப்பணியாளர்களின் மகனாக நெல்லூரில் பிறந்தவர். 1910-இல் தொடங்கிய தேடல் 1936-இல் அவர் தயமினைச் செயற்கையாக உண்டாக்கியபோதுதான் முடிந்தது. இடையில் 1926-இல் ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து தூய தயமின் படிகத்தைப் பிரித்திருந்தார்கள். 300 கிலோ தவிட்டிலிருந்து கிடைத்தது சுமார் 100 மில்லிகிராம். மேலே போட்ட கணக்கின்படி அந்தத் தவிட்டில் 8,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்திருக்கும். தூய்மையைத் தேடிப் போன வழியில் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் கைநழுவிவிட்டது. அறிவியலுக்கு அந்த 100 மில்லிகிராம் பெரிய செல்வம். உயிர் பிழைக்க வைத்தது என்னவோ தூய்மையில்லாத அந்தப் பழுப்புப் பாகுதான். கழிவிலிருந்து சத்து எடுக்க நினைக்கும் எவரும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தவிடு ஏன் உணவாகவில்லை

அப்படியானால் தவிட்டையே சாப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். தவிட்டில் 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய். அதை உடைக்கும் நொதியும் அதே தவிட்டில் இருக்கிறது. முழு மணியில் இரண்டும் தனித்தனி அடுக்குகளில் இருப்பதால் சந்திப்பதில்லை. அரைத்ததும் கலந்துவிடுகின்றன, சில மணி நேரத்திலேயே எண்ணெய் சிதையத் தொடங்கி, ஓரிரு நாளில் தவிடு சிக்கடித்துக் கசக்கிறது. அதைத் தடுக்க, அரைத்த உடனேயே தவிட்டைச் சில நிமிடங்கள் 120 பாகைக்கு மேல் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இதைத் தவிடு நிலைப்படுத்துதல் எனலாம். பெரிய ஆலைகளில் இது முடியும். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் ஒன்றாக நொறுங்கி விழுவதால், அங்கே உண்ணத் தகுந்த தவிடே கிடைக்காது.

நிலைப்படுத்திய தவிட்டிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. இன்னொன்று ஆர்செனிக். நிலத்தடி நீரில் ஆர்செனிக் உள்ள வங்காளம் போன்ற பகுதிகளில் விளையும் நெல்லில், அந்த நஞ்சும் மணியின் வெளி அடுக்குகளிலேயே அதிகம் சேர்கிறது. குழந்தை உணவில் தவிடு சேர்க்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஆர்செனிக் பரிசோதனை. சத்துள்ள கழிவு என்பதற்காக அதை ஏழைகளின் தட்டில் சோதனை இல்லாமல் போடுவதை ஏற்கவே முடியாது.

இந்தியாவில் தவிட்டிலிருந்து பெருமளவில் எண்ணெய் எடுக்கிறார்கள். தயமின் எண்ணெயில் கரையாது, எண்ணெய் எடுத்த தவிட்டிலேயே தங்குகிறது. அந்தத் தவிடு தீவனமாகத்தான் போகிறது.

பீர் ஆலையில் மிஞ்சிய ஈஸ்ட்

தயமினிலிருந்து சற்றே விலகி, வேறொரு கழிவையும் சொல்லியாக வேண்டும். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடத்திலும் அவர் சில காலம் வேலைசெய்தார். தவிட்டைப்போலவே எளிய ஒரு பொருளில் விடை கிடைத்தது: மார்மைட். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் கரிய பசை அது, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பது. அதைக் கொடுத்ததும் பெண்கள் விரைவாகத் தேறினார்கள். 1931-இல் அவர் இதை வெளியிட்டபோது அதிலிருந்த பொருளுக்குப் பெயர் கிடையாது. பின்னாளில் அது ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. இன்று கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கொடுக்கும் மாத்திரையில் அது இருக்கிறது.

இன்றும் தீராதது

தொழிற்சாலையில் உண்டாக்கும் தயமின் இப்போது மிக மலிவு. தவிட்டிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து அதோடு போட்டியிட முடியாது; முயல வேண்டியதும் இல்லை. மலிவாக இருந்தும் அது வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை என்பதே சிக்கல். கம்போடியாவிலும் லாவோஸிலும் குழந்தைகளின் பெரிபெரி இன்னும் இருக்கிறது. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியைப் பலமுறை களைந்து சமைக்கும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலும், மூச்சுத் திணறலோடு வந்த கைக்குழந்தைகள் தயமின் ஊசி போட்டதும் தேறியதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸின் பத்தான் மாகாணத்தில் 1948-இல் ஹுவான் சல்செதோவும் வில்லியம்ஸும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். தயமின் பூசிய அரிசியை 200-க்கு ஒரு பங்கு என்று சாதாரண அரிசியில் கலந்து விற்கச் செய்தார்கள். பெரிபெரிச் சாவுகள் இரண்டே ஆண்டில் பெருமளவு சரிந்தன. பிற்பாடு நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுபோக முயன்றபோது ஆலைக்காரர்கள் ஒத்துழைக்கவில்லை, திட்டம் தளர்ந்தது. கம்போடியாவில் அண்மையில், ஆலையை நம்பாமல், வீடுதோறும் பயன்படும் மீன் சாற்றில் தயமினைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதைச் சமையலில் சேர்த்துக்கொண்ட தாய்மாரிடமும் அவர்களின் குழந்தைகளிடமும் தயமின் அளவு உயர்ந்தது.

புழுங்கல் அரிசி பழகிய ஊரில் அந்தப் பழக்கம் நிலைத்தாலே போதும். பச்சரிசியே உண்ணும் ஊர்களில் எல்லோரையும் புழுங்கலுக்கு மாற்றுவது நடக்காத காரியம். நாக்கு அப்படி இணங்காது. அங்கே ஆலையிலேயே கொஞ்சம் குறைவாகத் தீட்டச் செய்யலாம், களையும் நீரைக் குறைக்கலாம், நிலைப்படுத்திச் சோதித்த தவிட்டை மாவிலும் கஞ்சியிலும் கலக்கலாம். இவற்றில் எதைத் தேர்ந்தாலும் முதலில் எட்ட வேண்டியது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களையும் பால் கொடுக்கும் தாய்மாரையும். தாய் உண்ணும் தயமின் சில நாட்களிலேயே பாலில் தெரிகிறது. குழந்தைக்கு ஆபத்து மிகுந்த காலம் பிறந்த முதல் சில மாதங்கள். ஆகையால் பேறுகாலத்துக்கு முன்பே தாயின் தட்டில் அது வந்துவிட வேண்டும்.